பட்டந்தூர் அக்ரஹாரா ஸ்டேஷனும் ஒரு தமிழ்க் கல்வெட்டும்

கேள்வி இதுதான்: "சொந்த ஊர் திருச்சிப் பக்கம், வேலை ஒயிட்ஃபீல்டில். போன மாதம் தோம்லூரில் ஓர் அரங்கில் வரலாற்று ஆய்வாளர் ஒருவர் தம்முடைய புதிய ஆய்வைப் பற்றிப் பேசினார். பெங்களூரைச் சுற்றியுள்ள தமிழ்க் கல்வெட்டுகள், கரகத் திருவிழா, கோலார் தங்கவயல் தமிழர் அரசியல் என்று ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் எழுந்து, 'அப்படியானால் பெங்களூர் ஆதியில் தமிழ் ஊர்தானே சார்?' என்று கேட்டேன். 'கேள்வியை வேறு மாதிரி கேட்டால் பதில் சொல்லலாம்' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவர்கள் ஏன் நேராகப் பதில் சொல்வதில்லை? புதிய ஆய்வு என்கிறார்கள். காட்டுவதெல்லாம் நூறு வருஷத்துக்கு முன் அச்சான கல்வெட்டுகள். இதில் புதிது என்ன?"

சிரித்தவர்களை விடுங்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மனதில் இருந்த கேள்வியும் அதுவாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் எழுந்து கேட்டுவிட்டீர்கள். நான் தொழில்முறை ஆய்வாளன் இல்லை. வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், அல்சூர்வாசி. கல்வெட்டு படிக்கப் பழகி முப்பது வருஷம் ஆகிறது. அந்தத் தெம்பில் சொல்கிறேன்: அவர் உங்களுக்குப் பதில்தான் சொன்னார். அது பதில் மாதிரி தெரியவில்லை, அவ்வளவே.

ஒயிட்ஃபீல்டு என்றால் பர்ப்பிள் லைன் மெட்ரோவில்தான் போய்வருவீர்கள். ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போகிறவர்கள் இறங்குகிற நிலையத்தின் பெயர் பட்டந்தூர் அக்ரஹாரா. 2023 மார்ச்சில் திறந்த நிலையம். தினமும் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள். அங்கிருந்து சற்றுத் தள்ளி, லைன் முடிகிற காடுகோடியில் காசி விசுவேசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே 1043-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. ராஜேந்திர சோழனுடைய ஆட்சியின் கடைசிக் காலம். அதன் விஷயம் சுருக்கமாக இது: ராஜராஜ வேளான் என்பவன் பட்டந்தூரில் ஏரி வெட்டினான், தூம்பு, அதாவது மதகு வைத்தான், பிள்ளையார், துர்க்கை, க்ஷேத்திரபாலர் திருமேனிகளை எழுந்தருளச் செய்தான். யார் இந்த ராஜராஜ வேளான்? பெர்மாடி காவுண்டனின் மகன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அப்பா பெயர் பெர்மாடி காவுண்டன், மகன் பெயர் ராஜராஜ வேளான்.

'பெர்மாடி'யின் முழு வடிவமான 'பெர்மானடி', சோழருக்கு முன் இந்தப் பகுதியை ஆண்ட கங்க மன்னர்களின் பட்டம். 'காவுண்டன்' கன்னட நாட்டு ஊர்த் தலைவர்களின் பெயரோடு வருவது. 'வேளான்' சோழ நாட்டு நிலக்கிழார்களும் அதிகாரிகளும் தரித்த பட்டம். முன்னால் நிற்கிற 'ராஜராஜ' யாருடையது என்று தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோழர் கங்கரின் தலைநகரான தலைக்காட்டைப் பிடித்து கங்கர் ஆட்சியை முடித்தது ஏறக்குறைய 1004-இல். கல்வெட்டு 1043. இடையில் நாற்பது வருஷம், சரியாக ஒரு தலைமுறை. கங்கன் காலத்தில் தலையெடுத்த அப்பா கங்கப் பட்டத்தோடு இருக்கிறார். சோழன் காலத்தில் வளர்ந்த பிள்ளை சோழப் பட்டத்தோடு நிற்கிறான். ஆட்சி மாறியதும் குடும்பத்தின் பெயர்ப்பலகை மாறியிருக்கிறது, நிலமும் ஏரியும் அவர்கள் கையிலேயே இருந்திருக்கின்றன. இது என்னுடைய வாசிப்பு. இன்னொருவர் வந்து, 'இல்லை, இது தமிழ் நாட்டில் இருந்து வந்து குடியேறிய குடும்பம், அப்பாதான் உள்ளூர்ப் பட்டத்தைச் சூடிக்கொண்டார்' என்றால், அதையும் உடனே தள்ளிவிட முடியாது. சுற்றியுள்ள மற்றக் கல்வெட்டுகளில் இந்தக் குடும்பம் தட்டுப்படுகிறதா, வேறு காவுண்டர்களின் பிள்ளைகளும் இப்படிப் பட்டம் மாற்றியிருக்கிறார்களா என்று தேட வேண்டும். பத்து உதாரணம் கிடைத்தால் என் வாசிப்பு நிற்கும். இது ஒன்றுதான் என்றால் அது வெறும் ஊகம்.

இப்போது உங்கள் கேள்வியை அந்த ராஜராஜ வேளானிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்: 'ஐயா, உங்கள் ஊர் தமிழ் ஊரா, கன்னட ஊரா?' ஏரிக்கரை வேலையை மேற்பார்த்துக்கொண்டு நின்ற மனிதனுக்கு இந்தக் கேள்வி புரிந்திருக்காது. எந்த நாட்டில், எந்த மண்டலத்தில் இருக்கிறோம், யாருக்கு இறை கட்டுகிறோம் என்று கேட்டிருந்தால் கடகடவென்று சொல்லியிருப்பான். கல்லும் அதைத்தான் சொல்கிறது. அரங்கில் அவர் 'வேறு மாதிரி கேளுங்கள்' என்றது இதனால்தான்.

மடிவாளா கல்லுக்கு வருவோம். உங்கள் பக்கத்து வாதத்துக்கு அதுதான் பெரிய சாட்சி என்று பலரும் நினைக்கிறார்கள். மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, வேப்பூர்க்காரர் ஒருவர் 'வெங்கலூர்ப் பெரிய ஏரியின் கீழ்' நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. வேப்பூர் இன்றைய பேகூர். வெங்கலூர் எது என்று நான் சொல்ல வேண்டாம். நம்மவர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, ஆதிப் பெயர் வெங்கலூர், அது தமிழ்' என்கிறார்கள். வேங்கை மரத்தோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு.

கன்னடத்தோடு கொஞ்சம் பழகியவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். தமிழில் சொல்லின் முதலில் 'வ' வருகிற இடத்தில் கன்னடத்தில் 'ப' வரும். 'பஸ்' என்பதில் வருகிற ஒலியோடு படியுங்கள். வேர் அங்கே பேரு. வெல்லம், பெல்லா. விரல், பெரளு. வேலி, பேலி. வெண்ணெய், பெண்ணெ. மார்க்கெட்டில் தினமும் கேட்கிற சொற்கள்தான் இவை. ஆகவே கன்னடக்காரர் 'பெங்க' என்று சொன்னதை, இந்த ஒலி உறவு காதில் ஊறிப்போன தமிழ் எழுத்தர் 'வெங்க' என்று கல்லில் எழுதியிருக்கலாம். பேகூரும் அப்படித்தான்: கன்னடக் கல்லில் பெம்பூர், தமிழ்க் கல்லில் வேப்பூர். பெயர் எந்த மொழியில் பிறந்தது என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. அந்த எழுத்தருக்கு இரண்டு மொழியும் காதில் இருந்தன என்று மட்டும் தெரிகிறது. எனக்கு அந்தச் செய்திதான் ருசியானது. 1247-இல் மடிவாளாவில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர், இன்று சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற நம்மைப் போலவே, ஒரு காதில் அதையும் ஒரு காதில் இதையும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

வேப்பூர் என்று நெடிலில் எழுதினேனே, கல்லில் அப்படி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் தனித்தனி வடிவம் நாம் எழுதுகிற மாதிரி அப்போது கிடையாது. புள்ளியும் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். வெப்பூரா வேப்பூரா என்பது படிக்கிறவர் பொறுப்பு.

இது எவ்வளவு ஆபத்தான பொறுப்பு என்பதற்கு என் கதையே போதும். இருபது வருஷத்துக்கு முன் தெற்குப் பெங்களூரில் ஒரு சிறிய கோயிலின் சுற்றுச்சுவரில் உடைந்த கல் ஒன்றைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தெல்லாம் தூர்ந்து கிடந்தது. படியெடுக்கிற முறை உங்களுக்குத் தெரிந்திராது. முதலில் தேங்காய் நார், பிரஷ் என்று வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கல்லைத் தேய்க்க வேண்டும். பிறகு கெட்டித் தாளை நனைத்துக் கல்மேல் ஒட்டி, மயிர் பிரஷ்ஷால் தட்டித் தட்டி, தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்படி செய்ய வேண்டும். தாள் முக்கால் வாசி காய்ந்ததும் துணிப்பொதியில் மையைத் தொட்டு ஒற்றினால், மேடெல்லாம் கறுப்பாகி எழுத்து வெள்ளையாக எழும். அவசரப்பட்டு ஈரத்திலேயே மை வைத்தால் எல்லாம் தீற்றிவிடும். நான் அவசரப்பட்டேன். கிடைத்த படியில் 'பாமன்' என்று ஒரு பெயரைப் படித்தேன். பாமன், பம்மன், பொம்மன்! கன்னடப் பெயர் தமிழ் எழுத்தில்! ராத்திரி தூக்கம் இல்லை. இரண்டு பக்கத்துக்குக் கட்டுரை எழுதி, எனக்குக் கல்வெட்டு சொல்லிக்கொடுத்த பெரியவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கட்டுரையைப் படிக்கவே இல்லை. படியை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்பா, இது காலா, ரகரமா?"

அக்காலத்து எழுத்தில் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு அநேகமாகக் கிடையாது. இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

"பரமன்னு படிச்சுப் பாரு" என்றார். அவ்வளவுதான், என் இரண்டு பக்கமும் போயிற்று. பரமன் எந்த ஊரிலும் இருப்பான்.

அந்தப் படி இன்னும் என்னிடம் இருக்கிறது. யாராவது மேடையில் ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஊர் வரலாற்றையே திருப்பிப் போடும்போது அது ஞாபகம் வரும். அரங்கில் அந்த ஆய்வாளர் எத்தனை முறை 'இந்த இடம் சிதைந்திருக்கிறது', 'இதை இப்படியும் படிக்கலாம்' என்று சொன்னார்? இதைச் சொல்கிற ஆளை நம்பலாம்.

பேகூர்க் கல் பற்றி ஒரு வார்த்தை. பேகூர் நாகேசுவரர் கோயிலில் 9-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த பழங்கன்னட வீரக்கல் ஒன்று இருக்கிறது. கங்கர் காலத்து நாகத்தரன் என்ற தலைவனின் ஆட்கள் 'பெங்களூர்ச் சண்டையில்' மாண்டதைச் சொல்கிறது. ஹொய்சள மன்னன் வீர பல்லாளன் வேட்டையில் வழிதவறிப் பசியோடு வந்தபோது ஒரு பாட்டி வேகவைத்த பயறு கொடுத்தாள், அதனால் 'பெந்த காளு ஊரு' என்று பெயர் வந்தது என்ற கதையை உங்களுக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரமே யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த பல்லாளனுக்கு முந்நூறு வருஷம் முன்பே பெயர் கல்லில் இருக்கிறது. பாட்டி பாவம், தாமதமாக வந்துவிட்டாள். அதற்காகக் கதையைத் தூக்கி எறிவதும் இல்லை. ஊரின் பெயருக்கு ஏன் அரண்மனையை விட்டு ஒரு கிழவியின் அடுப்பில் போய்க் காரணம் தேடினார்கள் என்பதே தனி ஆய்வு. ஆனால் அதைச் செய்கிறவர் பெயர்க்காரணம் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

புதிது என்ன என்று கேட்டீர்கள். கல்வெட்டுகள் அச்சாகி நூறு வருஷம் ஆனது உண்மை. பெங்களூரில் 1837-இல் பிறந்த லூயிஸ் ரைஸ், மைசூர் சமஸ்தானம் முழுக்கக் கல்வெட்டுகளைத் திரட்டினார். பெங்களூர் மாவட்டத் தொகுதி 1905-இல் வந்தது. காடுகோடி, தோம்லூர், பேகூர் எல்லாம் அதில் இருக்கின்றன. அப்படியென்றால் அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு என்ன வேலை?

உங்கள் திருச்சிப் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். நொபோரு கராஷிமா என்ற ஜப்பானிய அறிஞர் 1960களில் காவிரிக் கரையில் இரண்டு ஊர்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டார். ஒன்று அல்லூர், வெள்ளான்வகை ஊர், அதாவது வேளாண் குடிகளின் ஊர். மற்றது ஈசானமங்கலம், பிராமணர் ஊர். இரண்டின் கல்வெட்டுகளும் ஏற்கெனவே அச்சில் இருந்தவை. ஒரு புதுக் கல்லும் அவர் தோண்டவில்லை. எல்லாரும் ராஜா யார், எந்த வருஷம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் நில எல்லைகளைப் பார்த்தார். 'இன்னாருடைய நிலத்துக்கு மேற்கு' என்று தனி ஆட்கள் பெயரால் எல்லை சொல்கிறார்களா, இல்லையா? ஈசானமங்கலத்தில் தனி ஆள் உடைமை தெரிந்தது. அல்லூரில் ஊராரே சேர்ந்து நிலத்தை வைத்திருந்தது தெரிந்தது. கல்வெட்டில் மிகவும் சலிப்பான பகுதி அந்த எல்லை வரிகள்தான், நாங்களெல்லாம் தாண்டிப் போகிற இடம். அங்கே இருந்து சோழர் கால நில உடைமை பற்றிய பெரிய விவாதம் கிளம்பியது. பிறகு அவரும் சுப்பராயலுவும் மட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வருகிற ஆட்பெயர்களை ஒன்றுவிடாமல் பட்டியல் போட்டு 1978-இல் வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் தேடுகிற உங்களுக்கு, ஆயிரக்கணக்கான பெயர்களை அந்தக் காலத்தில் அப்படி அடுக்கியது எப்பேர்ப்பட்ட உழைப்பு என்று தெரியும். நான் மேலே ராஜராஜ வேளானுக்குப் பத்து உதாரணம் வேண்டும் என்றேனே, அந்த மாதிரித் தேட்டத்துக்குக் கதவைத் திறந்தது அந்தப் பட்டியல்.

கல் பழையது, அதனிடம் கேட்கிற கேள்வி புதிது. பெரும்பாலும் ஆய்வு நகர்வது இப்படித்தான். அபூர்வமாகக் கல்லே புதிதாகக் கிடைப்பதும் உண்டு. ஹெப்பாள் கிட்டய்யா கல் 2018-இல்தான் கவனத்துக்கு வந்தது. ஏறக்குறைய 750-ஆம் ஆண்டு, கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலம். பெங்களூரில் கிடைத்தவற்றில் மிகப் பழைய கன்னடக் கல்வெட்டு. அதில் ஹெப்பாள் 'பெர்பொளல்' என்று இருக்கிறது. பழைய பகரம் பிற்காலக் கன்னடத்தில் ஹகரமானதற்குக் கண்ணெதிரே சாட்சி. இப்போது பெங்களூரின் பழைய ஆய்வு அமைப்பான மிதிக் சொசைட்டியில் நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்கிறார்கள். கல்லைத் தொடவே வேண்டாம், தேய்ந்த எழுத்தின் ஆழத்தைத் திரையில் கூட்டிக் காட்டுகிறது. என்னைப் போன்ற அவசரக்காரர்கள் கெடுத்த வாசிப்புகள் எத்தனை இனித் திருந்துமோ.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று எனக்குப் படுவது வேறு. சோழர் ஏறக்குறைய 1116-இல் இங்கிருந்து போய்விட்டார்கள். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைப் பிடித்து 'தலைக்காடுகொண்டான்' ஆனான். ஹொய்சளர் கன்னட மன்னர்கள். ஆனால் மடிவாளாக் கல் 1247, அதாவது சோழர் போய் நூற்று முப்பது வருஷம் கழித்து. அதுவும் தமிழ். தோம்லூர் சொக்கநாத சுவாமி கோயில் கல்வெட்டுகள் 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அவையும் தமிழ். ஆட்சி போன பிறகும் ஏன் தமிழிலேயே பொறித்தார்கள்?

ஒரு பதில் அரசியலில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஹொய்சள நாடு இரண்டாகப் பிரிந்து, ராமநாதன் தமிழ்ப் பகுதியை ஆண்டான். அவன் இருந்தது உங்கள் சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில். பிறகு வடக்கே நகர்ந்து, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணிக்கு வந்தான். அவன் ஆவணக்காரர்களுக்குத் தமிழ் பழகிய மொழி. இன்னொரு பதில் கோயிலில் இருக்கிறது: கணக்கு எழுதுகிறவர், கல்தச்சர், பூசை செய்கிறவர் குடும்பங்கள் ஒரு மொழியில் பழகிவிட்டால் ராஜா மாறினதும் மாற்றிக்கொள்வதில்லை. வங்கியில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் சொல்கிறேன், படிவம் மாறாது. மூன்றாவது, வணிகர். தோம்லூர் அந்தக் கல்வெட்டுகளில் 'தொம்பலூரான தேசிமாணிக்கப் பட்டணம்'. பட்டணம் என்றாலே சந்தை, செட்டிகள், சரக்கு. நாடு இலைப்பாக்க நாடு, அதுதான் இன்றைய எலஹங்கா. இந்த மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம், ஆனால் தேடினால் கிடைக்கக்கூடிய பதில். கல்லில் உள்ள மொழி, எழுதிக்கொடுத்த அலுவலகத்தின் மொழி. அதை வைத்துத் தெருவில் என்ன பேசினார்கள் என்று அளக்க முடியாது. இன்று பெங்களூர்ப் பத்திரப் பதிவைப் பார்த்து இந்திராநகரில் என்ன மொழி கேட்கும் என்று ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்?

நீங்கள் உரை கேட்ட அரங்கமும் அதே தோம்லூரில்தான் இருக்கிறது. அந்தக் கோயில் நிலைக்கால்கள் இரண்டும் அழகியார் என்பவரின் உபயம் என்று நிலைக்காலிலேயே எழுதியிருக்கிறது. 'உபயம்' போட்ட டியூப்லைட்டுக்கு அவர்தான் மூதாதை.

கரகத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, அது ஒரு ராத்திரி கண்விழித்துப் பார்க்க வேண்டிய விஷயம். சித்ரா பௌர்ணமி இரவு தர்மராயர் கோயிலில் இருந்து மல்லிகைப் பூ மூடிய கரகம் கிளம்பும். சுமக்கிறவர் கை தொடுவதில்லை, சுற்றிலும் வாள் ஏந்திய வீரகுமாரர்கள். வழியில் காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போகும். நடத்துகிறவர்கள் திகளர் சமூகத்தார், தோட்டக்காரர்கள். கன்னடத்தில் 'திகள' என்பதே தமிழரைக் குறித்த பழைய சொல். கரகம் திரௌபதி அம்மனுக்கு எடுப்பது. அந்தத் திரௌபதி வழிபாட்டின் பெரிய மையம் செஞ்சிப் பக்கத்து மேலச்சேரி என்று அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைடெல் விரிவாக எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் கூட்டி 'இது தமிழ்த் திருவிழா' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஸ்மிருதி ஸ்ரீநிவாஸின் ஆய்வு வேறு பக்கம் போனது: கரகம் எந்தெந்த ஏரிக்கரை, தோட்டம், பேட்டை வழியாகப் போகிறது, அந்த ஏரிகள் மறைந்த பின் ஊர் எதை நினைவில் வைத்திருக்கிறது? சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இப்போது கண்டீரவா ஸ்டேடியம். ஓரத்தில் சதுரமாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறார்கள், சடங்குக்கு. ஸ்டேடியம் கேட் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி செஞ்சியோடு நின்றுவிடும். இங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டதால்தான் அந்த ஆய்வு பெங்களூரின் தண்ணீர் வரைக்கும் வந்தது.

தங்கவயல் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் ஆய்வாளரைவிடச் சூடாகவே பேசுவேன். தமிழ்ப் பௌத்த இயக்கத்தை முன்னெடுத்த தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ், அவர் 1914-இல் மறைந்த பின் தொடர்ந்து நிற்கவில்லை. 1920களில் அதை மீண்டும் எடுத்து நடத்தியது கோலார் தங்கவயலில் இருந்து, அப்பாதுரையார். சுரங்கத்துக்குள் இறங்கிய தலித் தொழிலாளர்கள் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வைத்துப் பத்திரிகை படித்தார்கள். இந்த வரலாறு எத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் கிடந்தது! ஆய்வாளர் ஞான. அலாய்சியஸ் அந்த இதழ்களில் இருந்து அயோத்திதாசர் எழுத்துகளைத் திரட்டி 1999-இல் வெளியிட்ட பிறகுதான் தமிழ் அரசியல் வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இங்கே கல் இல்லை, மை இல்லை. யார் வீட்டுப் பரணிலோ பழைய தாள் இருந்தது. தேடப் போகத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர்களிடம் வரலாறு இருக்கும் என்றே படித்தவர்கள் நினைக்கவில்லை. 2001-இல் சுரங்கமும் மூடியாகிவிட்டது. தங்கவயல் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் தினமும் ரயிலேறி உங்களைப் போலப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். உங்கள் ஆபீஸிலும் யாராவது இருப்பார்கள். தாத்தா வீட்டில் பழைய பத்திரிகை, சங்கத்து ரசீது, போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் எடைக்குப் போடாமல் வைக்கச் சொல்லுங்கள்.

நேராக ஏன் பதில் சொல்வதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை அவர்கள் மேடையில் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரில் 1991-இல் காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறந்தது. அதற்கு ஈடாகச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. கல்வெட்டைப் பற்றி இங்கே ஒரு வாக்கியம் சொன்னால், அது மறுநாள் யார் கையில் என்னவாகும் என்று யோசித்துத்தான் சொல்வார்கள். அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். சில சமயம் அளவுக்கு மீறிப் போய், தெளிவாகத் தெரிந்ததையும் மழுப்புகிறார்கள். அது எரிச்சல்தான். மடிவாளாக் கல் தமிழ் என்றால் தமிழ் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.

அடுத்த முறை போகும்போது கேள்வியைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். 'இதை நேரில் பார்த்தீர்களா, அச்சுப் பிரதியில் பார்த்தீர்களா?' என்று கேளுங்கள். 'இதற்கு மாறாக ஏதாவது கிடைத்ததா?' என்று கேளுங்கள். நல்ல ஆய்வாளர் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் முகம் மலர்வார்; கட்டுரையில் இடமில்லாமல் விட்டதையெல்லாம் எடுத்துப் போடுவார். கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கிப் பத்து நிமிஷம் சொந்தப் பேச்சுப் பேசுகிற பெரியவர் ஒருவர் எல்லா அரங்கிலும் இருப்பார். அவருக்கு முன்னால் கையைத் தூக்கிவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காடுகோடிக்குப் போய் வாருங்கள். காலையில் நடை திறந்திருக்கும்போதே போங்கள், உச்சிக்கு மேல் மூடிவிடுவார்கள். கல்லைப் பார்க்கலாமா என்று அர்ச்சகரிடம் கன்னடத்தில் கேளுங்கள். 'ஸ்வாமி, ஷாசனா நோட்பஹுதா?' போதும். எண்ணெய், விபூதி, மாவு எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள். போன் டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். க, ம, ட உடனே பிடிபடும். ரகரமா காலா என்று குழம்பினால் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.